தென்துருவத்தில் சில ஆணிகள்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா அது பொய். ஒரு ஆணியும் பிடுங்கலை, அதான் பிரச்னையே.

எட்டு மாசம் ராப்பகலா உழைச்ச ப்ராஜெக்டை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேர மீட்டிங்ல மூடிட்டாங்க. வேலை போகலை, சம்பளமும் ஒண்ணாம் தேதி ஒழுங்கா வந்துச்சு. ஆனா திங்கட்கிழமை பொட்டி முன்னாடி உட்கார்ந்தா கை ஓடலை. காலைல திறந்த ஃபைல் சாயந்திரமும் அதே வரியில நிக்கும். ராத்திரி தூக்கம் கிடையாது, பகல்ல கொட்டாவி. அப்படித் தூங்காம கிடந்த ராத்திரிகள்ல படிச்சதுதான் 'பெல்ஜிக்கா' கப்பலோட கதை.

1897 ஆகஸ்ட் 16-ம் தேதி பெல்ஜியத்தோட ஆண்ட்வெர்ப் துறைமுகத்துல இருந்து கிளம்பின கப்பல் அது. போற இடம் அண்டார்டிகா. தலைவர் அட்ரியன் டி ஜெர்லாஷ். கப்பல்ல ரெண்டு பேரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒருத்தர் ஃப்ரெடெரிக் குக், அமெரிக்க டாக்டர். இன்னொருத்தர் ரோல்டு அமுண்ட்சென், 25 வயசு நார்வேக்காரர். பின்னாடி தென்துருவத்தை முதல்ல தொட்டவர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போமே, அவரேதான்.

1898 மார்ச் தொடக்கத்துல கப்பல் பெல்லிங்ஸ்ஹாசன் கடல் பனியில சிக்கிக்கிச்சு. முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் வர முடியாது. மே மாசம் நடுவுல சூரியன் மறைஞ்சது. திரும்ப முகம் காட்ட ரெண்டு மாசத்துக்கும் மேல ஆச்சு. அதுக்கு முன்னாடி அண்டார்டிக் வட்டத்துக்குத் தெற்கே குளிர்காலத்தைக் கழிச்சவங்க யாரும் கிடையாது. அதனால அங்க என்ன ஆகும்னு சொல்லித்தரவும் ஆள் இல்லை. குளிருக்கான உடுப்புகூட எல்லாருக்கும் போதுமான அளவுக்கு இல்லை.

ஜூன் 5-ம் தேதி எமில் டாங்கோங்கிற அதிகாரி இறந்து போனார். ஏற்கெனவே பலவீனமான இதயம். அதுக்கப்புறம் கப்பலே சோர்ந்து போச்சு. டப்பா சாப்பாடு அலுத்துப் போச்சு, ஒருத்தரோட முகம் இன்னொருத்தருக்கு அலுத்துப் போச்சு. கால் வீங்குது, ஈறு வீங்குது, படுக்கையை விட்டு எழ மனசில்லை. ஒரு மாலுமிக்கு மனநிலையே பிறழ்ந்து போச்சு. ஜெர்லாஷும் கப்டன் லெகுவாந்தும் உயில் எழுதி வைக்கிற நிலைமைக்கு வந்துட்டாங்க.

டாக்டர் குக் மூணு வைத்தியம் பார்த்தார். ஒண்ணு, சீல், பெங்குவின் கறியை அதிகம் வேக விடாம சாப்பிடணும். ரெண்டு, உடுப்பைக் கழட்டிட்டு அடுப்பு வெளிச்சத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உட்காரணும். மூணு, கப்பலைச் சுத்திப் பனியில தினமும் நடக்கணும்.

உடம்பைக் காப்பாத்தினது கறிதான். வந்திருந்தது ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி இல்லாததால வர்ற நோய். அப்போ அந்த வைட்டமினுக்குப் பேரே கிடையாது, ஆனா கறி சாப்பிட்டவங்க எழுந்து நடந்தாங்க. 'சுறுசுறுப்பா வேலை பாரு, எல்லாம் சரியாயிடும்'னு நான் சொல்ல வரலைங்கிறதுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

அந்த நடைக்கு வருவோம். சுத்திச் சுத்தி வந்த அந்த வட்டத்துக்குக் கப்பல்ல வச்ச பேரு 'பைத்தியக்கார விடுதி உலா'. எனக்கு அந்தப் பேரு பார்த்ததும் பிடிச்சுப் போச்சு. ஏன்னா ரெண்டு மாசமா நானும் அதைத்தான் பண்ணிக்கிட்டிருந்தேன். மெயிலைத் திற, மூடு, காப்பி மெஷின் வரைக்கும் போ, வா, மறுபடி மெயிலைத் திற. கால் வலிக்கும், ஆனா ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டோம்.

அடுத்த கோடை வந்துச்சு, பனி மட்டும் விடலை. இன்னொரு குளிர்காலம் அங்கேயே மாட்டினா எத்தனை பேர் மிஞ்சுவாங்கன்னு யாருக்கும் நம்பிக்கை இல்லை. கப்பல்ல இருந்து ஏழுநூறு மீட்டர் போலத் தள்ளி ஒரு இடத்துல பனி விலகித் தண்ணி தெரிஞ்சது. அதுவரைக்கும் நாமே ஒரு கால்வாய் வெட்டிட்டா என்னன்னு குக் கேட்டார். முதல்ல பள்ளம் தோண்டிப் பார்த்தாங்க, வெயில் பட்டு உருகி பனி தானா பிளக்கும்னு. அது பலிக்கலை. அப்புறம் 1899 ஜனவரியில ரம்பத்தை எடுத்துட்டாங்க.

சில இடத்துல ஒரு மீட்டருக்கும் மேல தடிமனான பனி. அதைத் துண்டு துண்டா அறுக்கணும், அறுத்த துண்டைத் தள்ளி வெளியே விடணும், முடியாத இடத்துல வெடி வைக்கணும். கோடையில சூரியன் மறையாதுங்கிறதால முறை வச்சு ராத்திரியும் வேலை. சில மாசம் முன்னாடி உயில் எழுதினவங்களும் சேர்ந்த கூட்டம் இது!

நடையில இல்லாத எது ரம்பத்துல இருந்துச்சு? என் புத்திக்கு எட்டின பதில் இதுதான். நடந்து முடிச்சா கிளம்பின இடத்துலயே வந்து நிப்பீங்க. ஒரு துண்டை அறுத்து முடிச்சா, நேத்து இல்லாத தண்ணி இன்னிக்கு இருக்கும். ஏழுநூறு மீட்டரை நினைச்சா தலை சுத்தும். அடுத்த துண்டை நினைச்சா ரம்பம் நகரும்.

சினிமாவா இருந்தா இதோட சுபம் போட்டிருப்பாங்க. நிஜத்துல கால்வாய் கிட்டத்தட்ட முடியுற நேரத்துல பனி அசைஞ்சு, வெட்டின வழியே நெருங்கிப் போச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு அந்த வெள்ளிக்கிழமை மீட்டிங்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஆனா பிப்ரவரி நடுவுல பனி கொஞ்சம் இளகினதும், அந்தக் கால்வாய் வழியாத்தான் கப்பல் நகர்ந்தது. அப்புறமும் பனி விளிம்புல கிட்டத்தட்ட ஒரு மாசம் இழுபறி. மார்ச் 14, 1899-ல் திறந்த கடல்.

அமுண்ட்சென் இதை மறக்கலைன்னு நினைக்கிறேன். 1911-ல் தென்துருவப் பயணத்துக்காக ராஸ் பனித்தட்டு மேல 'ஃப்ராம்ஹைம்'ங்கிற குடிலைப் போட்டு ஒன்பது பேர் தங்கினாங்க. ஏப்ரல் பின்பாதியில மறைஞ்ச சூரியன் ஆகஸ்ட் 24-ல்தான் திரும்ப வந்துச்சு. அந்த நாலு மாச இருட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை. குடிலைச் சுத்திப் பனிக்குள்ளேயே அறைகள் குடைஞ்சு பட்டறை போட்டாங்க. பியாலண்டுங்கிறவர் பனிச்சறுக்கு வண்டிகளை இழைப்புளியால சீவிச் சீவி எடையை மூணுல ஒரு பங்காக் குறைச்சார். யோஹான்சென் பெட்டிகள்ல பிஸ்கட்டை எண்ணி அடுக்கினார். விஸ்டிங் கூடாரம் தைச்சார்.

இன்னொண்ணும் உண்டு. காலைல எழுந்ததும் ஒவ்வொருத்தரும் வெளியே போய்ட்டு வந்து இன்னிக்கு எத்தனை டிகிரின்னு ஊகிக்கணும். மாசக் கடைசியில நல்லா ஊகிச்சவருக்குச் சுருட்டு பரிசு. வழியில வெப்பமானி உடைஞ்சா இந்தப் பழக்கம் உதவும்ங்கிறது ஒரு காரணம். தூங்கி வழியுற ஆளைக் கடுப்பேத்தாம வெளிக்காத்துல நிறுத்திடலாம்ங்கிறது இன்னொண்ணு. என்ன மூளைங்க அந்த மனுஷனுக்கு!

1911 டிசம்பர் 14. அஞ்சு பேர் தென்துருவத்துல நின்னாங்க. இருட்டுல சீவின அந்த மரத்தூளுக்கும் அதுல பங்கு இருக்கு.

சரி, நம்ம கதை. முதல்ல நான் 'பெங்குவின் கறி' சாப்பிட்டேன். அதாவது டாக்டர்கிட்ட போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு வைட்டமின் டி கம்மின்னார். வெயில் கொளுத்துற ஊர்ல இருந்துகிட்டு, ஏசி ரூம்ல சூரியனே பார்க்காம நானும் ஒரு பெல்ஜிக்காவுலதான் இருந்திருக்கேன்.

அப்புறம் ரம்பம். ரெண்டு வருஷமா யாரும் தொடாம கிடந்த ஒரு பக் இருந்துச்சு. பிழைச் செய்தியில ஒரு வார்த்தை எழுத்துப்பிழையோட வருது, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. சரி பண்ணி, டெஸ்ட் ஓட்டி, 'முடிந்தது'ன்னு போட்டு மூடினேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன பாஸ், இதுக்கா இவ்வளவு சிரிப்பு"ன்னு கேட்டார். ரெண்டு மாசத்துல நான் முடிச்ச முதல் வேலை அதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் ரெண்டு. அந்த வாரக் கடைசியில எட்டு. நான் வச்சுக்கிட்ட விதி ஒண்ணே ஒண்ணு: சாயந்திரத்துக்குள்ள முடியணும், முடிஞ்சது கண்ணுக்குத் தெரியணும். போன வாரம்தான் புது ப்ராஜெக்டோட பெரிய பகுதி ஒண்ணுல கை வச்சிருக்கேன். மறுபடி பனி நெருங்காதுன்னு சொல்ல முடியாது. நெருங்கினா நெருங்கட்டும், ரம்பம் எங்க இருக்குன்னு இப்ப தெரியும்.

தேவையான ஆணி, தேவையில்லாத ஆணின்னு நாம அடிச்ச கிண்டல் எல்லாம் சரிதான் மக்களே. ஆனா சில நாள் ஒரு சின்ன ஆணியாவது பிடுங்கித்தான் ஆகணும்.

பி.கு: குக் பின்னாளில் வடதுருவத்தைத் தொட்டதா சொன்னதை உலகம் நம்பலை. அப்புறம் எண்ணெய்க் கம்பெனிப் பங்கு மோசடி வழக்குல ஜெயிலுக்கும் போனார். 1926-ல் அவரை ஜெயிலுக்கே போய்ப் பார்த்தார் அமுண்ட்சென். பெல்ஜிக்காவுல கூட நின்ன டாக்டராச்சே.