இருபது வயதில் ஒரு கிளப்: மெட்ராஸ் யுனைடெட் கிளப்பின் கதை

மந்தைவெளியில் நாங்கள் ஆடுகிற கிளப் ரொம்பச் சின்னது. லீக்கில் கீழ் டிவிஷன். நான் அதில் பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. ஸ்கோர் புக் எழுதுவேன், ஆள் குறைந்தால் பதினோராவதாக இறங்குவேன். பி.காம் படிக்கிறான் என்பதால் போன வருஷத்திலிருந்து கணக்கு நோட்டையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். கணக்கு சுலபம்தான். வரவு என்று எழுத இரண்டு வரி. செலவு என்று எழுத இரண்டு பக்கம். பந்து, மேட் வாடகை, அம்பயர் பணம், டீ. மீதி விழும் துண்டை எங்கள் செகரட்டரி மாமா பென்ஷனிலிருந்து போடுகிறார்.

இப்போது ஒரு கம்பெனி கிளப்பை எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறது. பணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே கண்டிஷன், பெயரை மாற்ற வேண்டும். வருகிற ஞாயிறு மீட்டிங். அதில் எனக்கும் ஒரு ஓட்டு உண்டு.

எப்படி ஓட்டுப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், இந்த ஊரில் முதல் கிளப்பை யார் காசில், எதற்காக ஆரம்பித்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சேப்பாக்கம் யாருடையது?

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-ல் தொடங்கியது. 1860களில் சேப்பாக்கத்துக்கு வந்தது. அது வெள்ளைக்காரர்களின் கிளப். இந்தியர்கள் வேலியோரம் நின்று பார்க்கலாம், உறுப்பினராக முடியாது. இந்தியர்கள் அங்கே எதிரணியாக ஆடப் போனாலும் பெவிலியனுக்குள் இடம் கிடையாது, மதியச் சாப்பாட்டை மரத்தடியில்தான் முடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வார்கள். மைதானத்தில் இருபத்திரண்டு பேரும் சமம். சாப்பாட்டு மணி அடித்தால் பதினோரு பேர் மரத்தடிக்கு!

இந்த அவமானம்தான் மெட்ராஸ் யுனைடெட் கிளப்புக்கு வித்து என்பது கிரிக்கெட் எழுதுகிறவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

லஸ் வீட்டுப் பிள்ளை

கிளப்பை ஆரம்பித்தவர் மோதவரபு வெங்கடமகிபதி நாயுடு. இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. புச்சி பாபு என்றால் கிரிக்கெட் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். பிறந்த வருஷம் 1868. வளர்ந்தது மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த லஸ் ஹவுஸ் என்ற பெரிய பங்களாவில்.

அந்த வீட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைப் போன்ற காமர்ஸ் மாணவனுக்கு முதல் கேள்வி. பதில் பாரிமுனையில் இருக்கிறது. தாமஸ் பாரி 1788-ல் தொடங்கிய பாரி கம்பெனிக்கு துபாஷ்களாக இருந்த குடும்பம் இது. துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர். ஆனால் வேலை வெறும் மொழிபெயர்ப்பு இல்லை. கம்பெனிக்குச் சரக்கு பிடித்துத் தருவது, கடன் ஏற்பாடு செய்வது, உள்ளூர் வியாபாரிகளுக்கு ஜாமீன் நிற்பது எல்லாம் அவர்தான். கமிஷன் ஏஜெண்ட், பேங்கர், பி.ஆர்.ஓ. மூன்றும் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துபாஷ் குடும்பம் என்பதால் வெள்ளைக்காரர்களின் பழக்கவழக்கம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சிறுவன் புச்சி பாபுவை வளர்த்தது ஆங்கில ஆயாக்கள் என்றும், அவர்கள் சாயங்காலம் சேப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய் ஆட்டம் காட்டியதில்தான் கிரிக்கெட் ஒட்டிக்கொண்டது என்றும் சொல்கிறார்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த அதே இடம்தான் பெரியவனானதும் உள்ளே வராதே என்றது. கோபம் வராமல் என்ன செய்யும்?

1888

மெட்ராஸ் யுனைடெட் கிளப் 1888-ல் தொடங்கியது. இடம் எஸ்பிளனேடு, கோட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நடுவே இருந்த திறந்தவெளி. மெட்ராஸில் இந்தியர்களுக்கென்று முறையாக ஏற்பட்ட முதல் கிரிக்கெட் கிளப் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1868-ல் பிறந்தவர் 1888-ல் கிளப் ஆரம்பிக்கிறார். வயசு இருபது! நான் இருபதில் செய்த பெரிய காரியம் அக்கவுண்ட்ஸ் பேப்பரை அரியர் இல்லாமல் முடித்ததுதான்.

கோபப்பட்டவர் மனுப் போட்டுக்கொண்டு எம்.சி.சி. வாசலில் நிற்கவில்லை. தனியாக இடம் பிடித்தார், ஆள் சேர்த்தார், மட்டையும் பந்தும் வாங்கிக் கொடுத்தார், ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் கிரிக்கெட் சாமான் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். சாதாரண வீட்டுப் பையனால் ஒரு மட்டை வாங்குவதையே நினைத்துப் பார்க்க முடியாது. கிளப்பின் வரவு என்பது கிட்டத்தட்ட லஸ் ஹவுஸ் வீட்டுப் பணம்தான்.

பம்பாய் வழி, மெட்ராஸ் வழி

இங்கே கொஞ்சம் பம்பாய் பக்கம் போய்வர வேண்டும். அங்கே பார்ஸிகள் 1848-லேயே ஓரியண்டல் கிரிக்கெட் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு பார்ஸி ஜிம்கானா, இந்து ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா என்று மதத்துக்கு ஒன்றாக வந்தன. பெரிய போட்டியும் அப்படியே வளர்ந்தது. 1907-ல் ஐரோப்பியர், பார்ஸி, இந்து மூன்று அணிகள். 1912-ல் முஸ்லிம் அணி சேர்ந்து நாலு. 1937-ல் 'மற்றவர்கள்' என்று ஒரு அணி சேர்ந்து ஐந்து. காந்தி எதிர்த்தார், பலரும் எதிர்த்தார்கள். கடைசியில் 1946-ல்தான் நின்றது.

மெட்ராஸில் நடந்தது வேறு. இங்கே பெரிய போட்டி என்றால் இந்தியர் எதிர் ஐரோப்பியர். இரண்டே அணி. இந்திய அணியில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று தனித்தனிக் கோடு கிடையாது. அதற்கு எல்லாக் காரணமும் ஒரு கிளப்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் கிளப்பின் பெயரே 'யுனைடெட்' என்று இருந்தது சும்மா இல்லை என்று தோன்றுகிறது. முதலில் போடும் அஸ்திவாரம் எந்த வடிவமோ, மேலே எழும் வீடும் அந்த வடிவம்தான்.

அதற்காக எல்லாம் தங்கமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். அன்றைய கிளப்புக்குள் வர ஓய்வு நேரம் வேண்டும், ஓரளவு இங்கிலீஷ் வேண்டும், வசதியான ஆட்களின் பழக்கம் வேண்டும். எஸ்பிளனேடிலிருந்து கூப்பிடு தூரத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கு அந்த யுனைடெட் எவ்வளவு திறந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1908 டிசம்பர்

இருபது வருஷம் அணியை வளர்த்த பிறகு புச்சி பாபு கேட்டது ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் எங்களோடு சேப்பாக்கத்திலேயே, முறைப்படி, சரிசமமாக மோத வேண்டும். எம்.சி.சி. ஒத்துக்கொண்டது. 1908 டிசம்பரில் ஆட்டம் என்று முடிவானது.

ஆட்டம் நடந்தது. புச்சி பாபு பார்க்கவில்லை. ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னால் இறந்துபோனார். வயசு நாற்பது.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் போகவில்லை. மரத்தடியில் ஆரம்பித்த பயணம் பெவிலியன் படி வரை வந்து, கடைசிப் படியில் ஆள் இல்லை.

ஆனால் ஆட்டம் நின்றுவிடவில்லை பாருங்கள், அதுதான் முக்கியம். 1915-16லிருந்து பிரசிடென்ஸி மேட்ச் என்ற பெயரில் பெரும்பாலும் வருஷா வருஷம் நடந்தது. பொங்கல் சமயத்தில் வருவதால் பொங்கல் மேட்ச் என்றே ஊரில் பெயர். சி.கே. நாயுடு 1920களின் தொடக்கத்தில் இந்த ஆட்டத்தில் அடித்த சிக்ஸர் மைதானத்தைத் தாண்டி எங்கோ தென்னை மரத்தடியில் விழுந்தது என்று பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நடந்து, 1952-ல்தான் ஓய்ந்தது. அதற்குள் யாரை எதிர்த்து ஆடுவது என்ற கேள்வியே அர்த்தம் இழந்துவிட்டது.

அப்பா முடித்த வயதில் மகன்

புச்சி பாபுவின் மகன்கள் பாலையா, ராமஸ்வாமி எல்லாருமே கிரிக்கெட். இதில் ராமஸ்வாமி தாய்வழித் தாத்தாவுக்கு சுவீகாரம் போனதால் கோட்டா ராமஸ்வாமி ஆனார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1922-ல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினார். 1936-ல் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போய், மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடினார். 40, 60 என்று இரண்டு இன்னிங்ஸிலும் நன்றாக அடித்தார். ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. மொத்தம் இரண்டே டெஸ்ட், சராசரி 56-க்கு மேல்!

டெஸ்டில் இறங்கியபோது அவருக்கு வயது நாற்பது. அப்பா ஆட்டம் பார்க்காமல் போன அதே வயது.

இவர் கதையின் முடிவும் விசித்திரம். 1985 அக்டோபரில் ஒரு காலை, கிட்டத்தட்ட தொண்ணூறு வயதில், வீட்டை விட்டு வெளியே போனார். திரும்பி வரவில்லை. விஸ்டன் அவரை 'இறந்ததாகக் கருதப்படுகிறவர்' என்று போட வேண்டியதாயிற்று.

ஒரு தங்கப் பதக்கம் தவறிய கதை

யுனைடெட் கிளப் வழிகாட்ட, பேட்டைக்குப் பேட்டை கிளப்கள் வந்தன. மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்புக்கும் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்புக்கும் ஆட்டம் என்றால் இரண்டு பேட்டையும் மைதானத்தில்தான் இருக்கும்.

திருவல்லிக்கேணி தந்த பெரிய ஆள் எம்.ஜே. கோபாலன். ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், மெட்ராஸ் எதிர் மைசூர். அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59. மெட்ராஸ் 130. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். ஒரே நாளில் ஆட்டம் காலி!

கோபாலன் ஹாக்கியிலும் இந்திய வீரர். 1935-ல் தியான் சந்தோடு நியூசிலாந்து போனவர். 1936-ல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மறு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் டூர். கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கம் வாங்கியது. இங்கிலாந்தில் இவருக்கு ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை.

இவர் எப்படிப் பிழைத்தார்? இவருக்கு லஸ் ஹவுஸ் கிடையாது. இவர் திறமையைப் பார்த்த சி.பி. ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வேலை பார்த்துக்கொண்டே ஆடலாம்.

யார் கொடுக்கிற காசு?

இப்போது என் கணக்கு நோட்டுக்கு வருகிறேன். மெட்ராஸ் கிளப் கிரிக்கெட்டின் வரவுப் பக்கத்தை மூன்றாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். முதலில் துபாஷ் வீட்டுச் சொத்து. அடுத்து கம்பெனியும் பேங்கும் ஆட்டக்காரருக்குக் கொடுத்த உத்தியோகம். மூன்றாவது, கிளப்பையே கம்பெனி தத்தெடுத்துக்கொள்வது. ஜாலி ரோவர்ஸை 1960களில் சன்மார் குழுமத்தார் எடுத்து நடத்த ஆரம்பித்தது இந்த வகை. ஜாலி ரோவர்ஸ் என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது என்பதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

ஆக, காசு எப்போதும் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. டிக்கெட் விற்று எந்தக் கிளப்பும் பிழைக்கவில்லை. 'கம்பெனிக் காசு வேண்டாம்' என்று நான் வீராப்பு பேசினால் அது சரித்திரம் தெரியாத பேச்சு. பாரி கம்பெனியின் கமிஷன் இல்லாமல் யுனைடெட் கிளப்பே இல்லையே!

ஆனால் இன்னொன்றும் படித்தேன். புச்சி பாபு இறந்த அடுத்த வருஷமே அவர் பெயரில் ஒரு போட்டி ஆரம்பமானது. அந்தக் கோப்பை வளர்ந்து அகில இந்தியப் போட்டி ஆனது. நடுவில் சில வருஷம் நின்றுபோய், 2023-ல் திரும்ப ஆரம்பித்தார்கள். நடத்துகிறவர்கள் மாறினார்கள், பணம் கொடுப்பவர்கள் மாறினார்கள். பெயர் மாறவில்லை. மாறாததால்தான் நூறு வருஷம் கழித்து மந்தைவெளியில் ஒருவன் 'யார் இந்த புச்சி பாபு?' என்று தேடுகிறான். லஸ் ஹவுஸ் சொத்தில் மிச்சம் எவ்வளவு என்று யாரும் தேடுவதில்லை.

எங்கள் கிளப் பெயரில் பெரிய மனிதர் யாரும் இல்லை. ஒரு தெருப் பெயர்தான். அந்தத் தெருவில் யாரோ நாலு பேர் என்றைக்கோ பத்து பத்து ரூபாய் போட்டு ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்கள் மரத்தடியில் சாப்பிட்டார்களா, வீட்டில் திட்டு வாங்கினார்களா என்று எந்த நோட்டிலும் எழுதவில்லை. பெயர் ஒன்றுதான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை என் ஓட்டு இதுதான். காசு வரட்டும். கம்பெனி பெயர் சட்டையின் முன்பக்கம் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஸ்கோர் புக்கின் மேல் வரியில் மட்டும் எங்கள் தெருப் பெயர் இருக்க வேண்டும். கம்பெனி அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்? செகரட்டரி மாமாவின் பென்ஷனை நம்பி இன்னும் எத்தனை சீஸன் ஓட்ட முடியும் என்பது நோட்டை வைத்திருக்கும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நீங்கள் என்ன செய்வீர்கள்? மீட்டிங்குக்கு முன்னால் சொன்னால் உதவியாக இருக்கும்.