கடையில் மறைந்து கணினியில் பிழைத்த விளையாட்டு

ஒரு நிறுவனம் விற்கப்படும்போது என்னென்ன கைமாறும்? கட்டிடம், இயந்திரம், கையிருப்புச் சரக்கு, நற்பெயர், பதிப்புரிமை... எல்லாவற்றுக்கும் ஒரு விலை போட்டு ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். ஆனால் அந்த நிறுவனத்தின் பொருள் மீது வாடிக்கையாளர்கள் வைத்த பிரியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? அதற்கு ஒரு நல்ல உதாரணம் 'மேஜிக் ரெல்ம்' என்ற பலகை விளையாட்டின் கதை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இயங்கி வந்த அவலான் ஹில் நிறுவனம் போர் விளையாட்டுகளுக்குப் பெயர் பெற்றது. அது 1979ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹாம்பிளன் வடிவமைத்த மேஜிக் ரெல்மை வெளியிட்டது. வாள்வீரன், சூனியக்காரி, மந்திரவாதி, குள்ளன் என்று மொத்தம் 16 பாத்திரங்கள். காடும் மலையும் குகையும் வரைந்த 20 அறுகோண அட்டைகள். அவற்றை ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு விதமாக அடுக்குவதால் நாடே ஒவ்வொரு முறையும் புதிது! ஆட்டத்தின் காலம் 28 நாட்கள் கொண்ட ஒரு மாதம். அன்றன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் முன்கூட்டியே ரகசியமாக எழுதி வைக்க வேண்டும். இன்னொரு புதுமையும் உண்டு. பொன், புதையல், மந்திரம், புகழ், அவப்பெயர் ஆகியவற்றில் எதை எவ்வளவு சேர்த்தால் தனக்கு வெற்றி என்பதை ஆட்டக்காரர் தானே தொடக்கத்தில் முடிவு செய்துகொள்வார்.

கேட்க இனிமையாக இருந்தாலும் ஆடுவது கடினம். ஒரு சண்டையை எடுத்துக்கொள்வோம். அடியின் வேகமும் தப்பிக்கும் வேகமும் எண்களாக ஒப்பிடப்படும். அடி மெதுவாக இருந்தாலும், தாக்கும் விதத்துக்கு ஏற்ற திசையில் எதிராளி நகர்ந்திருந்தால் அடி விழும். ஆயுதத்தின் பலம், கவசம், களைப்பு, காயம் என எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு. முதல் விதிப்புத்தகம் பலரைக் குழப்பியது. 1986ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு விதிகள் வந்தன. அப்போதும் விளையாட்டு எளிதாகிவிடவில்லை. பெட்டியை வாங்கிவிட்டு ஆட ஆள் கிடைக்காமல் அலமாரியில் வைத்தவர்களே அதிகம் என்று ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1998ஆம் ஆண்டு தாய் நிறுவனமான மொனார்க் அவலான், அவலான் ஹில்லை ஹாஸ்ப்ரோவுக்கு 60 லட்சம் டாலருக்கு விற்றது. அங்கு வேலை பார்த்தவர்கள் வேலையை இழந்தார்கள். ஹாஸ்ப்ரோ அதே பெயரில் டிப்ளமசி, அக்வயர் போன்ற விளையாட்டுகளை மீண்டும் வெளியிட்டது. அந்த வரிசையில் மேஜிக் ரெல்ம் இல்லை. வியாபாரக் கண்ணோட்டத்தில் இதைத் தவறென்று சொல்ல முடியாது. பாகங்கள் அதிகம், விதிகள் கடினம், வாங்குவோர் குறைவு!

ஆனால் ரசிகர்கள் கணக்கை வேறு விதமாகப் போட்டார்கள். இணையம் பரவிய பிறகு பலகை விளையாட்டைக் கணினிக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி 'வேசல்' என்ற மென்பொருளின் வழி. அவலான் ஹில்லின் இன்னொரு விளையாட்டான அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடருக்காக 1990களின் இறுதியில் ராட்னி கின்னி எழுதிய நிரலிலிருந்து அது வளர்ந்தது. அதில் திரையே மேசை. காய்களைச் சுட்டியால் நகர்த்தலாம், பகடை உருட்டலாம். ஆனால் விதிகள் ஆடுபவரின் தலையில்தான் இருக்க வேண்டும்.

மேஜிக் ரெல்முக்கு இது போதாது. அதன் சுமையே விதிகள்தானே! அதனால் ஒரு ரசிகர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். விளையாட்டின் விதிகளையே ஜாவா மொழியில் நிரலாக எழுதினார். 'ரெல்ம்ஸ்பீக்' என்ற அந்த மென்பொருள் இலவசமாகவே கிடைத்தது. ஒருவர் தன் கணினியில் ஆட்டத்தைத் தொடங்கினால் வேறு ஊர்களில் இருப்பவர்கள் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடலாம். களைப்பையும் காயத்தையும் கணினி பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் ஒன்று நடந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுபவர்கள் சந்தேகம் வந்தால் "சரி, இந்த முறை இப்படி வைத்துக்கொள்வோம்" என்று சமாதானம் ஆகலாம். கணினிக்கு அந்தப் பேச்செல்லாம் புரியாது. ஒவ்வொரு விதிக்கும் ஒரே ஒரு பொருள் வேண்டும். எனவே விதிப்புத்தகத்தில் மங்கலாக இருந்த ஒவ்வோர் இடத்துக்கும் நிரல் எழுதுபவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் வேறு ரசிகர்கள் விதிகளைத் தெளிவாகத் திருத்தி எழுதி 'மூன்றாம் பதிப்பு' என்றே வெளியிட்டார்கள். நிறுவனம் பாதியில் விட்ட வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்து முடித்தவர்கள் வாடிக்கையாளர்கள்!

இது சட்டப்படி சரியா என்ற கேள்வி எழலாம். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விளையாட்டை ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. விதிப்புத்தகத்தின் வாசகங்களுக்கும் ஓவியங்களுக்கும் உண்டு. அதாவது ரசிகர்களின் வேலைகள் எப்போதும் ஒரு மெல்லிய கோட்டின் மேல்தான் நடக்கின்றன. உரிமையாளர் நினைத்தால் பெயரையோ படத்தையோ காட்டித் தடுக்க முடியும்.

இழப்பும் இல்லாமல் இல்லை. அட்டையைக் கையில் எடுத்துப் புரட்டும் சுகமும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து யூகிக்கும் சுவையும் திரையில் வராது. கணக்கைக் கணினியிடம் விட்டுவிட்டால் விதிகளைக் கற்கும் பொறுமையும் குறையலாம். ஆனால் ஆட ஆளே இல்லாமல் அலமாரியில் கிடப்பதை விட இது மேல் அல்லவா?

தனக்கு எது வெற்றி என்பதை ஆடுபவரே தீர்மானிக்கும் விளையாட்டு இது. விற்றவர்களும் வாங்கியவர்களும் பொன்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ரசிகர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதை.