ரயிலேறி வந்த நீலச் சிலந்தி

ரமணாசிரமம் பக்கத்து டீக்கடையில் நண்பன் செல்போனில் ஒரு படம் காட்டினான். பளீர் நீலத்தில் ஒரு மரச்சிலந்தி. "வாங்கி வளர்க்கலாமாடா?" என்றான். பதில் தேடப் போய் இந்த வரலாறு கிடைத்தது.

இதன் பெயர் பொய்சிலோதீரியா மெட்டாலிக்கா. ஆந்திராவின் குத்தி ஊரில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த சிலந்தியை வைத்து 1899-ல் போகாக் என்ற ஆங்கிலேயர் இதை விவரித்தார். வேடிக்கை என்னவென்றால், குத்தி அதன் சொந்த ஊரே இல்லை! மரக்கட்டையோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்புறம் 102 வருடம் ஆளையே காணோம். 2001-ல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்டார்கள். அது இருக்கும் இடம் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு.

வளர்ப்பவர்கள் உயரமான கண்ணாடிப் பெட்டி, செங்குத்தாக ஒரு மரப்பட்டை, நல்ல காற்றோட்டம், தின்னப் பூச்சி என்று கொடுக்கிறார்கள். கையில் எடுக்கவே கூடாது. கடித்தால் தசைப்பிடிப்பு பாடாய்ப் படுத்தும். அந்த மரப்பட்டை எதற்கு? காட்டில் அதன் வீடு வயதான மரத்தின் பொந்து. விறகுக்கு மரத்தை வெட்டினால் வீடும் போச்சு.

நான் படிப்பது வணிகவியல். வாங்க ஆள் இருந்தால் பிடிக்க ஆள் வரும், அவ்வளவுதான் கணக்கு. 2008-ல் மிக மோசமாக அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தார்கள். 2019-ல் இந்தப் பேரினத்தின் சர்வதேச வியாபாரத்துக்கே சைட்ஸ் ஒப்பந்தம் கட்டுப்பாடு போட்டது.

"படத்தோடு நிறுத்திக்கோடா" என்றேன். டீக்காசை அவன்தான் கொடுத்தான்!