புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய முழு எழுத்தறிவுத் திட்டம். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தினார். தொண்டர்கள் மாலை வேளைகளில் ஊர் ஊராகப் பாடம் நடத்தினர். படித்தவர்களில் பெரும்பகுதி பெண்கள்.

இதன் தனிச்சிறப்பு சைக்கிள். எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்கென்றே பாட்டும் கட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினர். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை. ஆயினும் தண்ணீர்க் குடம், விளைபொருள், வேலைக்குப் போகும் வழி எதற்கும் ஆண்துணையை எதிர்பார்க்கும் நிலை தளர்ந்தது.

உரிமை சார்ந்த பெரிய மாற்றம் கல்குவாரிகளில் நேர்ந்தது. ஒப்பந்தக்காரர்களிடம் கடன்பட்டுக் கல்லுடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து, குவாரிக் குத்தகையைத் தம் பெயரிலேயே எடுத்தனர். கைநாட்டு வைத்தவர்கள் கணக்கேட்டைப் படித்துக் கேள்வி கேட்கத் தொடங்கியதை, சைக்கிளைவிடப் பெரிய சாதனையாகக் கொள்ளலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தம் நூலில் இவ்வியக்கத்தைப் பதிவுசெய்துள்ளார்.