வாடகை சர்வரும் பெர்க்லி யூனிக்ஸும்

1990களின் நடுவில் அமெரிக்காவில் இணைய இணைப்பு விற்கவும் வலைத்தளங்களை வாடகைக்கு வைத்துப் பராமரிக்கவும் தொடங்கிய சிறு நிறுவனங்கள் பல, சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தையே தேர்ந்தெடுத்தன. காசு கொடுக்க வேண்டாம், அதனால்தான் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் லினக்ஸும் அப்போது இலவசம்தானே? என் கணிப்பில் முக்கியக் காரணம் வேறு. அந்தக் கடைக்காரர்களுக்குத் தேவைப்பட்ட வேலை பத்தாண்டுகளுக்கு முன்பே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்து முடிந்திருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுப் பணத்தில் உருவான பெர்க்லி யூனிக்ஸ் பதிப்பான 4.2பிஎஸ்டி 1983இல் வெளிவந்தபோதே அதற்குள் டிசிபி/ஐபி இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரே வேக்ஸ் கணினியில் ஏராளமான மாணவர்கள் நுழைவார்கள். ஆளுக்கொரு கணக்கு, ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாதபடி காவல், வட்டில் இவ்வளவுதான் இடம் என்ற வரம்பு எல்லாம் வேண்டும். மாணவர் என்ற இடத்தில் வாடிக்கையாளர் என்று போட்டால் அது அப்படியே இணையக் கடை. மின்னஞ்சலைக் கையாளும் சென்ட்மெயிலும், தளப்பெயர்களைத் தேடித்தரும் பைண்டும்கூட பெர்க்லியில் பிறந்தவையே.

இந்தச் சொத்து கடைக்கு வந்து சேர்ந்த வழி சுலபமானதல்ல. யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டியின் நிரல் நீக்கப்பட்ட தொகுப்பைப் பெர்க்லி 1991இல் வெளியிட்டது. இயங்குதளத்தின் கருவில் (கெர்னல்) ஆறு கோப்புகள் மட்டும் குறைந்தன. வில்லியம் ஜாலிட்ஸ் அவற்றை எழுதிச் சேர்த்து, 1992இல் சாதாரண பிசியில் ஓடும் 386பிஎஸ்டியைக் கொடுத்தார். அதன் வழி வந்ததுதான் ஃப்ரீபிஎஸ்டி. அதே தொகுப்பை வைத்து பிஎஸ்டிஐ என்ற நிறுவனம் மூலநிரலோடு 995 டாலருக்கு ஒரு யூனிக்ஸை விற்றது. ஏடி அண்ட் டியின் யூனிக்ஸ் பிரிவு 1992இல் வழக்குப் போட்டது, பல்கலைக்கழகத்தையும் உள்ளே இழுத்தது. 1994இல் சமரசம் வந்தபோது, சுமார் 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை வெறும் மூன்று. இதற்கா இத்தனை அமர்க்களம்! ஆனாலும் ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் சமரசத்துக்குப் பின் பெர்க்லி வெளியிட்ட புதிய தொகுப்பின் மேல் தங்கள் வேலையைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு நவம்பரில்தான் 2.0 வந்தது.

இந்த இடைவெளியில்தானே லினக்ஸ் முந்திக்கொண்டது, பிறகு பெர்க்லியின் முதிர்ச்சிக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 386பிஎஸ்டி முன்பே கிடைத்திருந்தால் லினக்ஸ் பிறந்திருக்காது என்ற பொருளில் லினஸ் டோர்வால்ட்ஸே சொன்னதுண்டு. ஆனால் வழக்கு மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. வீட்டில் கிடந்த எந்த பிசியிலும், எந்த மலிவான கார்டோடும் லினக்ஸ் ஒத்துப்போக முயன்றது. அதனால் ஆர்வலர்கள் அங்கே குவிந்தார்கள். ஃப்ரீபிஎஸ்டி வன்பொருளில் கறார் காட்டியது. சர்வர் வாங்குபவருக்கு அது பெரிய குறையில்லை. அடாப்டெக் ஸ்கஸி கார்டு போடு என்றால் போட்டுவிட்டுப் போவார், நடு இரவில் மெஷின் படுக்காமல் இருந்தால் போதும்.

பழுதானால் யாரைக் கேட்பது என்பது அடுத்த ஆட்சேபம். விற்பனையாளரின் ஒப்பந்தம் கையில் இருந்தாலும், ஓட்டையை அடைக்கும் திருத்தம் எப்போது வரும் என்பது அவர் கையில்தான். ஃப்ரீபிஎஸ்டியிலோ கருவும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்தில் இருந்தன. அன்று சிவிஎஸ்அப் என்ற கருவியை ஓட்டினால் மாறிய கோப்புகள் மட்டும் இறங்கும். ‘மேக் வேர்ல்ட்’ என்று தட்டினால் முழு இயங்குதளமும் பல மணி நேரம் கம்பைல் ஆகிப் புதிதாக அமரும். அப்பாச்சி வலை சர்வர் வேண்டுமென்றால், பிற மென்பொருள்களுக்கான போர்ட்ஸ் அடைவுக்குள் போய் ‘மேக் இன்ஸ்டால்’ கொடுத்தால் போதும். மூலநிரலை அது தானே இறக்கி, சரிபார்த்து, திருத்தம் ஒட்டி நிறுவிவிடும். தனியாகப் பொறியாளர் குழு வைக்க முடியாத நிறுவனத்துக்கு இது சம்பளம் வாங்காத ஓர் ஆள். பெரிய இடத்துக்குத் தாங்காது என்ற சந்தேகத்துக்கு, ஃப்ரீபிஎஸ்டியில் ஓடிய யாஹூவே பதில். ஹாட்மெயிலும் ஃப்ரீபிஎஸ்டியில்தான் ஓடியது. 1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் அப்படியே தொடர்ந்தது.

சிறு கடைகள் வாங்கிக்கொண்டது மட்டுமில்லை, திருப்பியும் கொடுத்தன. ஒரே மெஷினைப் பல வாடிக்கையாளருக்குப் பிரித்துத் தர விரும்பிய ஒரு வாடகை சர்வர் நிறுவனத்துக்காக பவுல்-ஹென்னிங் காம்ப் ‘ஜெயில்’ என்ற வசதியை எழுதினார். ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனி ஐபி முகவரி, தனிக் கோப்பு மரம்; உள்ளே ரூட் அதிகாரம் பெற்றவரும் வெளியே கைவைக்க முடியாது. பணம் போட்ட நிறுவனம் அதைத் தனக்கென்று பூட்டி வைக்கவில்லை. 2000 மார்ச்சில் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 4.0இல் அது எல்லோருக்கும் கிடைத்தது.