பெட்டி ஒன்று, சிப் வேறு: லினக்ஸும் மலிவு வைஃபையும்

பழைய லப்டொப்பில் லினக்ஸ் போட்ட எங்கட ஆக்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: “குறைஞ்ச விலையில எந்த வைஃபை டொங்கிள் வாங்கிறது?” கலைப்பீடத்துக்காரரிடம் கேட்டால் வரலாறுதானே பதிலாக வரும். ஆனால் இந்த விஷயத்தில் வரலாறு தெரியாமல் வாங்கினால் காசு போய்விடும்.

2000களின் தொடக்கத்தில் பல கம்பனிகள் விண்டோஸுக்கு மட்டுமே ட்ரைவர் கொடுத்தன. சிப் எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணங்களை வெளியே விடவில்லை. அதனால் என்டிஐஎஸ்ராப்பர் என்றொரு குறுக்குவழி பிறந்தது: விண்டோஸ் ட்ரைவரையே லினக்ஸுக்குள் ஓடவைப்பது. ஓடும்தான், ஆனால் பிழை வந்தால் திருத்த மூலநிரல் கையில் இல்லை. புரோட்கொம் சிப்புகளுக்கு ஆர்வலர்கள் மூடிய ட்ரைவரைப் பிரித்து ஆராய்ந்து, தாங்களே புதிதாக ஒன்றை எழுதினார்கள். அது 2006இல் லினக்ஸ் கேர்னலில் சேர்ந்தது. கம்பனி தானாகத் திறந்த ட்ரைவர் தர 2010 ஆனது.

அதெரோஸ் கொஞ்சம் முந்திக்கொண்டது. 2008இல் ஏடிஎச்9கே என்ற திறந்த ட்ரைவரை வெளியிட்டது. யூஎஸ்பிக்கான ஏஆர்9271 சிப்பின் உள்நிரல்கூடப் பிறகு திறக்கப்பட்டது. அந்தச் சிப்போடு வந்த மலிவான டொங்கிள்தான் டிபி-லிங்க் டபிள்யூஎன்722என். செருகினால் போதும், வேலை செய்யும். லினக்ஸ்காரர் எல்லாரும் அதையே பரிந்துரைத்தார்கள்.

சிக்கல் அங்கேதான். இரண்டாவது பதிப்பில் உள்ளே ரியல்டெக் சிப் வந்துவிட்டது. மொடல் பெயர் அதே. பழைய பரிந்துரையை நம்பி வாங்கியவருக்குக் கிடைத்தது வேறொரு சாமான். எங்களைக் கேட்டால், பெயரை மாற்றாமல் சிப்பை மாற்றுவது வாங்குபவருக்குச் செய்கிற அநியாயம்.

ரியல்டெக்கைப் பற்றி நியாயமாகவும் சொல்லவேண்டும். மூலநிரல் கிடைத்தது, ஆனால் பல சிப்புகளுக்கு அது கேர்னலுக்கு வெளியிலேயே கிடந்தது. கேர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் உடையும். தன்னார்வலர்கள் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். 2023இல் வந்த 6.2 கேர்னலில்தான் ஆர்டிடபிள்யூ88 ட்ரைவர் யூஎஸ்பி சிப்புகளையும் ஏற்கத் தொடங்கியது. பரவலாக விற்கப்பட்ட 8812ஏயூ சிப்புக்கு 2025 வரை பொறுக்கவேண்டியிருந்தது.

மீடியாடெக்கின் கதை வேறு. அது 2011இல் வாங்கிய ராலிங்க், ஆரம்பத்திலேயே மூலநிரலைத் திறந்த கம்பனி. எம்டி7610யூ, எம்டி7612யூ சிப்புகளுக்கு 2018இலிருந்து கேர்னலுக்குள்ளேயே ட்ரைவர் இருக்கிறது. இன்று 5 கிகாஹேர்ட்ஸும் வேணும், தலையிடியும் வேண்டாம் என்றால் எங்கட தெரிவு இவைதான்.

கடையில் மொடலைக் கேட்காமல் சிப்பைக் கேளுங்கோ. தெரியாது என்றால், காசு கொடுக்க முதல் லப்டொப்பில் செருகி, டேர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை அடித்துப் பாருங்கோ. முன்சொன்ன டிபி-லிங்க்கில் முடிவு 9271 என்ற இலக்கத்தோடு வந்தால், அது பழையதுதான்.