இல்லத்திலிருந்து புறப்பட்ட பள்ளி

மழலையர் பள்ளி என்றதும் வண்ணம் தீட்டிய சுவர்களும், சீருடை அணிந்த சிறு கூட்டமும், வாயிலில் கண்கலங்கி நிற்கும் அன்னையரும் நம் நினைவில் எழுகின்றனர். பிள்ளை வீட்டைப் பிரியும் முதல் நாளாகவே அந்த நாளை நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த நாள் வேறுவிதமாய் விடிகிறது. உணவு மேசையைத் துடைத்து, சிறிய சிலுவையையும் மெழுகுதிரியையும் வைத்து, காலைச் செபத்தோடு தாயே தன் ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதற்பாடத்தைத் தொடங்குகிறாள். இது புதுமை மோகமோ எனச் சிலர் ஐயுறலாம். வரலாற்றைப் புரட்டினால், மழலையர் பள்ளி தான் பிறந்த இடத்திற்கே திரும்பியிருப்பது புலனாகும்.

மொராவியா நாட்டு ஆயர் கொமேனியுஸ் 1592ஆம் ஆண்டு பிறந்தவர். மதப்போர்களின் கொடுமையால் நாடிழந்து போலந்தில் அடைக்கலம் புகுந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் கல்வியுலகம் முழுவதும் அவரைத் தந்தையெனப் போற்றுகிறது. ஆறு வயது வரை பிள்ளைக்குத் தாய்மடியே பள்ளி என்பது அவர் கொள்கை. இதனை விளக்கி அவர் பெற்றோருக்காக எழுதிய கையேடு 1633இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

இரு நூற்றாண்டுகளுக்குப்பின் அதே எண்ணத்தை எடுத்து வளர்த்தவர் பிரெடரிக் புரோபல். லுத்தரன் போதகரின் மகனான அவர், ஓராண்டு நிறையுமுன்பே தாயை இழந்தவர். தாயன்பை அறியாத அவரே தாய்மையின் ஆற்றலைக் கல்விக்கு அடித்தளமாக்கியது வியப்புக்குரியது. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் நகரில் அவர் தொடங்கிய நிலையத்திற்கு 1840இல் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். கம்பளிப் பந்து, மர உருண்டை, கனசதுரக் கட்டை ஆகியவையே அங்குப் பாடநூல்கள். 1844இல் அவர் வெளியிட்ட நூலோ, அன்னையர் தம் மழலைகளோடு பாடி விளையாடுவதற்கான பாடல்களின் தொகுப்பு. 1851இல் பிரஷ்ய அரசு நாத்திகக் குற்றம் சாட்டி இத்தோட்டங்களைத் தடை செய்தது. மறு ஆண்டே புரோபல் மறைந்தார். 1860இல் தடை நீங்கியது. அதைக் காண அவர் இல்லை.

தடை செய்யப்பட்ட விதை கடல் கடந்தது. 1856இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்னும் சிற்றூரில், மார்கரெட் ஷுர்ஸ் என்ற ஜெர்மானியத் தாய் தன் மகளையும் உறவினர் பிள்ளைகள் சிலரையும் கூட்டித் தன் வீட்டிலேயே கற்பித்தார். அமெரிக்காவின் முதல் மழலையர் பள்ளி என வரலாறு குறிப்பது அந்த வீட்டுக் கூடத்தையே. 1873இல் சூசன் புளோ அம்மையார் செயின்ட் லூயிஸ் நகரில் அதனை அரசுப் பள்ளியோடு இணைத்தார். ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அது பேருதவியாயிற்று. ஆயினும் கற்பித்தல் மெல்ல மெல்ல இல்லத்தை விட்டு அகன்றது.

பிள்ளை யாருக்கு உரியது என்ற வினா அடுத்து எழுந்தது. எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் பயிலவேண்டும் என ஒரெகன் மாநில மக்கள் 1922இல் வாக்களித்துச் சட்டம் இயற்றினர். கத்தோலிக்கர்மீது பகைமை வளர்த்த கூ க்ளக்ஸ் கிளான் இயக்கம் அச்சட்டத்திற்குத் துணைநின்றது. இயேசு மரியாவின் திருப்பெயர்கள் சபை அருட்சகோதரியர் நீதிமன்றத்தை நாடினர். பிள்ளை அரசின் உடைமை அன்று. அதனை வளர்த்து வழிநடத்துவோருக்கே அதன் கல்வியைத் தீர்மானிக்கும் உரிமை உண்டு என 1925 ஜூன் முதல் நாளன்று உச்சநீதிமன்றம் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தது. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1929இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி விடுத்த சுற்றுமடலில் இத்தீர்ப்பைச் சுட்டிக்காட்டினார். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அறுதியிட்டு உரைத்தது.

கன்னியர் தம் பள்ளிக்காக வென்ற அவ்வுரிமையே பின்னாளில் இல்லக் கல்விக்கும் அரணாயிற்று. 1970களில் ஜான் ஹோல்ட், ரேமண்ட் மூர் ஆகியோரின் நூல்கள், இளம் பிள்ளைகளை அவசரமாய் வகுப்பறைக்கு அனுப்புவது நன்றா என்ற வினாவை எழுப்பின. கிறிஸ்தவக் குடும்பங்கள் பல இவ்வழியில் இறங்கின. சில மாநிலங்களில் பெற்றோர் வழக்குகளைச் சந்தித்தனர். 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இல்லக் கல்வி சட்ட ஏற்புப் பெற்றது. 1999இல் ஏறத்தாழ எட்டரை இலட்சமாயிருந்த இல்லக் கல்வி மாணவர் எண்ணிக்கை, அரசுக் கணக்கின்படி 2016இல் ஏறத்தாழ பதினேழு இலட்சம். ஜெர்மனியிலோ பள்ளிக்குச் செல்வது கட்டாயம். மிக அரிதான விலக்குகள் தவிர, பெற்றோர் வீட்டிலேயே கற்பிக்க இடமில்லை. கிண்டர்கார்டன் பிறந்த நாட்டிற்கு இப்படியொரு முரண்!

ஐந்து வயதில் தொடங்கும் அந்த முதலாண்டில் என்னதான் கற்பிக்கிறார்கள்? எழுத்தும் எண்ணும் உண்டு. அவற்றுக்கு நாளில் சிறு பொழுதே போதும். எஞ்சிய பொழுதில் மாவு பிசைதல், துணி மடித்தல், பறவைகளின் பெயரறிதல், தம்பிக்குக் கதை சொல்லுதல். கத்தோலிக்க இல்லங்களில் திருவழிபாட்டு ஆண்டே நாள்காட்டியாகிறது. திருவருகைக் காலத்தின் நான்கு மெழுகுதிரிகளில் பிள்ளை எண்ணக் கற்கிறது. புனிதர்களின் விழாக்களில் வரலாறு கேட்கிறது. நீர் ஊற்றுவதும் பொத்தான் இடுவதுமே கல்வி என்று உலகுக்குக் காட்டியவர் மரிய மாண்டிசோரி. 1907இல் உரோமையின் ஏழைக் குடியிருப்பில் அவர் திறந்த நிலையத்தின் பெயரே ‘குழந்தைகளின் இல்லம்’. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பணியாற்றினார். எனவே இச்சிந்தனை நம் மண்ணுக்கும் அந்நியமானதன்று.

இப்பாதையில் நிழல்களும் உண்டு. பாரத்தின் பெரும்பகுதி தாயின் தோள்மீதே விழுகிறது. இருவர் உழைத்தால்தான் அடுப்பெரியும் வீட்டிற்கு இது எட்டாக்கனி. தன்னைப் போன்றல்லாத பிள்ளைகளோடு பழகும் வாய்ப்புக் குறையக்கூடும். கண்காணிப்பில்லா வீட்டில் ஒரு பிள்ளை துன்புற்றால், அதை அறியும் கண்கள் வெளியே இல்லாமற் போகலாம். ஆதலால் பெற்றோரின் உரிமை, பிள்ளையைக் காக்கும் சமுதாயக் கடமையை விலக்கிவிடாது. திருச்சபையும் பெற்றோர் தனியே நிற்கவேண்டும் என்று கூறவில்லை. சமுதாயம் முழுவதும் அவர்களுக்குத் துணைநிற்கவேண்டும் என்றே சங்கம் போதிக்கிறது.

நம்மில் பலர் இல்லத்தைப் பள்ளியாக்கப் போவதில்லை. ஆக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் மூன்று வயதிலேயே நல்ல பள்ளியில் இடம் பிடித்துவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுவது, வரலாறு நமக்குக் கையளித்ததைக் கைவிடுவதாகும். கல்விக் கட்டணத்தைப் பள்ளியில் செலுத்தலாம். பெற்றோர் என்னும் பொறுப்பை அங்கே செலுத்திவிட்டுத் திரும்ப இயலாது. சிலுவை அடையாளம் வரையக் கற்பிக்கும் கையும், பொய் சொல்லாதே என்று கண்டிக்கும் குரலும், இரவில் கதை சொல்லும் மடியும் நம் வீட்டில் இருக்குமாயின், பிள்ளை எந்தப் பள்ளியில் பயின்றாலும் அதன் முதற்பள்ளி மூடப்படவில்லை என்று நாம் மகிழலாம்.